நாற்பத்தோரு கோப்புகள்

பள்ளிக்கூடத்தில் அவளை ஆலோசகர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் டிஷ்யூ மிஸ். அவள் அறைக்குப் போய் உட்கார்ந்தால் கேள்வி எதுவும் கேட்க மாட்டாள். டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி எதிரே வைப்பாள், அவ்வளவுதான். அழுகிற பிள்ளை அழும். அழாத பிள்ளை டிஷ்யூவைச் சன்னமாகக் கிழித்துக் கிழித்து மடி நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் அவள் கண்டுகொள்ள மாட்டாள். நாலு நாள் இப்படிப் போனால் ஐந்தாம் நாள் தானாக வாய் திறக்கும் என்பது அவள் ஒன்பது வருட அனுபவம்.

அறை என்று சொன்னாலும் அது மாடிப்படிக்குக் கீழே முன்பு பந்தும் வலையும் போட்டு வைத்திருந்த பொந்து. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பையன்களின் கழிப்பறை. அங்கே யாராவது தண்ணீர் இழுத்துவிட்டால் இங்கே சுவர் உறுமும். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் மதியத்துக்கு மேல் ஒரு வாடை மெதுவாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு அது பழகிவிட்டது. வெட்கத்தோடு உள்ளே வருகிற பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பதற்காவது அது உதவுகிறதே என்று சமாதானம் செய்துகொள்வாள்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் 'மலர்ச்சி' திட்டம் வந்தது. பள்ளியை நடத்தும் அறக்கட்டளையிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்றில் வந்து இறங்கியது. உள்ளே சுவரில் ஒட்டுவதற்குப் பளபளவென்று வாசகங்கள், உட்கார்ந்தால் புதைகிற ஒரு மூட்டை மெத்தை, கட்டுக்கட்டாகக் கோப்புகள், மூன்று நிறத்தில் முகம் வரைந்த அட்டைகள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் தினமும் காலையில் ஒரு முகத்தை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். பச்சை என்றால் தயார். மஞ்சள் என்றால் பார்க்கலாம். சிவப்பு முகம் வைக்கிற பிள்ளை டிஷ்யூ மிஸ்ஸிடம் வரும். அவள் பேசி, குறிப்பு எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் கோப்பைத் தலைமை ஆசிரியையின் அறைக்கு அனுப்ப வேண்டும். "உங்க ரூம்ல பூட்டுகூட சரியா இல்லையேம்மா, என் பீரோல பத்திரமா இருக்கட்டும்" என்று தலைமை ஆசிரியை சொன்னார். அதில் சந்தேகப்பட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சின்ன வகுப்புப் பிள்ளையிலிருந்து தோட்டக்காரர் வரை எல்லோரும் அவருக்குத் தங்கம்தான். ஒரே ஒரு பழக்கம் மட்டும் டிஷ்யூ மிஸ்ஸுக்கு ஒத்துவராது. பெரிய மேடம் தாளைப் புரட்டும்போது ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தொடல். வருகைப் பதிவேடு, விடைத்தாள், எதுவானாலும் ஓரத்தில் ஒரு ஈரப் புள்ளி விழுந்துவிடும். டிஷ்யூ மிஸ் அந்தப் புள்ளிமேல் கை படாமல் தாளை வாங்கப் பழகியிருந்தாள்.

அவள் தப்பும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் இரண்டே வரிதான் எழுதுவாள். 'தூக்கம் சரியில்லை. அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும்.' இப்படி. மூன்றாம் மாதம் அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா மேற்பார்வைக்கு வந்தார். கோப்புகளைப் பார்த்துவிட்டு, "இன்னும் விவரமா எழுதலாமே, நீங்க எழுதினா கதை படிக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஒன்பது வருடத்தில் அந்தப் பொந்துக்குள் தலையை நீட்டி ஒரு நல்ல வார்த்தை சொன்ன ஆள் அவர்தான். டிஷ்யூ மிஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து பக்கம் பக்கமாக எழுதினாள். பிள்ளை என்ன சொன்னது, எப்படிச் சொன்னது, சொல்லும்போது கையை எங்கே வைத்திருந்தது, எதையும் விடவில்லை.

அப்படி அவள் அதிகமாக எழுதியது குருவியைப் பற்றித்தான். பத்தாம் வகுப்பு. கீச்சுக் குரல் என்பதால் குருவி. எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள். அப்பா பேருந்து ஓட்டுநர், விடியும் முன்பே பணிமனைக்குக் கிளம்பிவிடுவார். கணக்கு வகுப்பு வந்தாலே குருவி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வாந்தியெடுப்பாள். டிஷ்யூ மிஸ்ஸின் அறையில் முதல் நாலு வாரம் அவள் கிழித்த டிஷ்யூவைக் கூட்டினால் ஒரு தலையணை தைத்திருக்கலாம். ஐந்தாவது வாரம், சுவர் உறுமி முடியும்வரை காத்திருந்து, சொன்னாள்.

"மிஸ், அம்மா போனதுலேருந்து... படுக்கை நனைஞ்சிடுது."

"தினமுமா?"

"ம். அப்பா கிளம்பினதும் துவைச்சுப் போட்டுடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ். செத்தே போயிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவில்லைதான். எழுதினாள். ஒன்றரைப் பக்கம்.

மற்றபடி அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது நிறுத்துவது, பயம் வந்தால் மூச்சை எப்படி விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கணக்கு ஆசிரியரிடம் கெஞ்சி, குருவியைக் கதவோரம் உட்கார வைத்தாள். கதவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்ததுமே வாந்தி பாதியாகக் குறைந்தது. தொடர்ந்து மூன்று வாரம் படுக்கை காய்ந்தே இருந்தது. கணக்கில் இருபத்திரண்டு வாங்கிக்கொண்டிருந்தவள் நாற்பத்தொன்று வாங்கினாள். அந்த விடைத்தாளைக் கொண்டுவந்து டிஷ்யூப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அன்று டிஷ்யூ மிஸ்தான் டிஷ்யூ எடுத்தாள்.

பொதுத்தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது ஒரு நாள் காலையில் பெரிய மேடம் கூப்பிட்டனுப்பினார். போனால், குருவியின் அப்பா காக்கிச் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். குருவி அவர் பின்னால் நின்றாள். வகுப்பாசிரியர் சுவரோரம். மேசைமேல் கோப்பு விரிந்து கிடந்தது. ஊதா மையில் தன் கையெழுத்தை டிஷ்யூ மிஸ் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," பெரிய மேடம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம தங்கம் இன்னும் தயாரா இல்ல. படிப்பைச் சொல்லல, மனசளவுல. நானா சொல்லல, எங்க ஆலோசகரே எழுதியிருக்காங்க." விரல் நாக்குக்குப் போனது. "பாருங்க, வாரத்துக்கு நாலு வாந்தி." மறுபடி நாக்கு. "அம்மாவை நினைச்சு நினைச்சு அழுகை." மறுபடி நாக்கு. குரல் தாழ்ந்தது, பக்கத்து வீட்டுச் சங்கதி சொல்கிற குரல். "அப்புறம், இந்த வயசுல ராத்திரி படுக்கையிலயே... சின்னக் குழந்தை மாதிரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்த நிலைமையில பொதுத்தேர்வு எழுதச் சொல்றது பாவமில்லையா? பேரை எடுத்துடலாம். அடுத்த வருஷம் வெளியிலேருந்து தனியா எழுதட்டும். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அப்பாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. திரும்பி மகளைப் பார்த்தார். வகுப்பாசிரியர் தரையைப் பார்த்தார்.

குருவி அப்பாவைப் பார்க்கவில்லை, பெரிய மேடத்தையும் பார்க்கவில்லை. டிஷ்யூ மிஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மிஸ் தாங்கிக்கொண்டிருப்பாள். திரிந்துபோன பாலைப் பாத்திரத்தோடு தள்ளி வைக்கும்போது ஒரு முகச்சுளிப்பு வருமே, அதுதான் இருந்தது.

"மேடம், அதெல்லாம் அவ என்கிட்ட மட்டும் சொன்னது," என்றாள் டிஷ்யூ மிஸ்.

"பெத்த அப்பாகிட்ட என்னம்மா ரகசியம்?"

அப்பா எழுந்தார். "ரெண்டு நாள் யோசிச்சு சொல்றேன்," என்று மகளின் தோளைத் தொட்டார். குருவி தோளை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர்கள் போனதும் டிஷ்யூ மிஸ் நகரவில்லை. "அவளுக்கு இப்ப சரியாயிட்டு வருது மேடம். கடைசிப் பக்கத்தைப் பாருங்க. மூணு வாரமா ஒண்ணுமில்ல. நாற்பத்தொண்ணு வாங்கியிருக்கா."

"பார்த்தேனே. நாற்பத்தொண்ணு முப்பதாகவும் ஆகலாம் இல்லையா?" பெரிய மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம். பதட்டம், வீட்டில் சண்டை, திக்குவாய், தூக்கமின்மை. எல்லாம் அவள் எழுதியதுதான். "போன வருஷம் தொண்ணூத்தாறு சதவீதம். அந்த நாலு சதவீதத்துக்கு நான் எத்தனை பேர்கிட்ட பதில் சொன்னேன் தெரியுமா? இந்த வருஷம் நூறு வரணும். படிப்பு வராதுன்னு சொன்னா பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. மனசு தயாரா இல்லைன்னு சொன்னா, பாவம், தலையாட்டிடறாங்க." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்க குறிப்பு இல்லைன்னா எனக்கு இவ்வளவு சுலபமா இருந்திருக்காது, தங்கம்."

தட்டிக்கொடுத்த விரலில் ஈரம் இருந்தது.

அவள் தன் அறைக்கு வந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். சுவரில் 'உன் மனதைத் திற, உலகம் திறக்கும்' என்று ஒரு வாசகம் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. எத்தனை பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வாய் திறந்தார்கள்! கிழித்தெறியலாம் என்று போனாள். ஆனால் பிள்ளைகளைப் பேச வைத்தது அந்த அட்டையில்லை, தான்தான் என்று நினைத்ததும் கை தாழ்ந்துவிட்டது. ஒன்பது வருடமாகப் பழகியிருந்த கழிப்பறை வாடை அன்றுதான் முதன்முதலாகத் தாங்க முடியாததாக இருந்தது. அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறதா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பெரிய மேடத்தை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் குழாயை மூடிவிட்டு முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "அது சரி, நீ ஏன் அவ்வளவு எழுதின?" என்றான்.

குத்திக்காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். ஒரு அம்மா கதை மாதிரி இருக்கிறது என்று சொன்னார், அதற்காக எழுதினேன் என்று கட்டின கணவனிடம்கூட எப்படிச் சொல்வது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்ததோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் பணிமனைக்குப் போனாள். டீசல் நாற்றமும் எண்ணெய்க் கறையுமாக இருந்த கொட்டகையில், ஓட்டுநர்கள் சாப்பிடுகிற பெஞ்சில் அவர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "அவ பேரு தேர்வுப் பட்டியல்ல போயாச்சு. நீங்களா எழுதிக் குடுத்தாத்தான் எடுக்க முடியும். அவங்களா எடுக்க முடியாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானே டீச்சர் அது?"

"ஆமா."

"ஏன் தினமும் கொடியில போர்வை தொங்குதுன்னு ஒரு நாள் கேட்டேன். வேர்க்குதுப்பான்னு சொன்னா. நானும் நம்பினேன்." டப்பாவை மூடினார். "நேத்திலேருந்து என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கா. நேத்து ராத்திரி மறுபடியும்... காலையில நானே துவைச்சேன்."

அவள் பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. இனிமே அவ உங்க ரூமுக்கு வர மாட்டா."

"அனுப்பாதீங்க," என்றாள்.

திங்கட்கிழமை பள்ளி தொடங்கும் முன்பே போய், அலுவலக உதவியாளரிடம் பீரோவைத் திறக்கச் சொன்னாள். "உங்க பைல்தானே மிஸ், எடுத்துக்கோங்க," என்று அவர் சாவியை நீட்டினார். நாற்பத்தோரு கோப்புகள். இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரங்களில் ஈரம் காய்ந்த புள்ளிகள். எல்லாக் கோப்பையும் பெரிய மேடம் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வழக்கம்போல ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டாள். டிஷ்யூப் பெட்டியை நகர்த்தவில்லை. கோப்பைக் கையில் கொடுத்து ஒரே பேச்சைத்தான் எல்லோரிடமும் சொன்னாள். "இது நீ சொன்னது. இங்கேயே இருக்கும்னு சொன்னேன். இருக்கல. பெரிய மேடம் படிச்சிருக்காங்க. நான்தான் கொடுத்தேன். இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்."

ஒருவன் அங்கேயே கிழித்துப் போட்டான். ஒருத்தி பதட்டத்தோடு பையின் அடியில் திணித்துக்கொண்டு ஓடினாள். திக்குவாய்ப் பையன் நின்ற இடத்தில் நின்றபடி நாலு பக்கத்தையும் படித்துவிட்டு, "நா... நான் இவ்வளவா பேசினேன் மிஸ்?" என்று ஆச்சரியப்பட்டான். ஒன்பதாம் வகுப்பு நெட்டையன் தலையைச் சொறிந்தான். "மிஸ், உண்மையைச் சொல்லிடறேன். எங்க வீட்ல சண்டையே கிடையாது. அறிவியல் பீரியட்லேருந்து தப்பிக்க நானா விட்ட கதை இது." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் பெயரும் அடுத்த வருடத்துக்கான பட்டியலில் இப்போதே ஏறியிருக்கும்.

குருவி வாசல்படியைத் தாண்டவே இல்லை. வகுப்பாசிரியர் அனுப்பியதற்காக வந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க," என்றாள் அந்தக் கீச்சுக் குரலில். "நல்லாத்தான் எழுதறீங்க."

அவள் போனபிறகும் டிஷ்யூ மிஸ் கோப்பை நீட்டிய கையை மடக்கவில்லை.

மூன்றாவது பீரியடில் பெரிய மேடம் வந்துவிட்டார். அதற்குள் குருவியுடையது தவிர மற்ற நாற்பது கோப்புகளும் கைமாறியிருந்தன. பட்டியலில் இருந்த மற்ற பத்து வீடுகளுக்கும் அவள் முந்தின நாளே தொலைபேசியில் பேசியிருந்தாள். இரண்டு வீட்டில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மிச்சம் எட்டு பேர் போடவில்லை.

பெரிய மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் மரியாதையாவது வந்திருக்கும். அவர் மூட்டை மெத்தையில் மெதுவாகப் புதைந்து உட்கார்ந்து, டிஷ்யூ ஒன்றை உருவி அவளிடமே நீட்டினார்.

"உடம்பு சரியில்லையா தங்கம்? வீட்ல ஏதாவது பிரச்சினையா? மனசுல வச்சுக்காதீங்க. யார்கிட்டயாவது பேசுங்களேன்."

"பேசினா எழுதி வச்சுப்பீங்க மேடம்," என்றாள்.

இரண்டு நாளில் கடிதம் வந்தது. கோப்புகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 'மன அழுத்தம் காரணமாகப் பணியைத் தொடரும் தயார்நிலையில் இல்லாததால்' விடுவிக்கப்படுவதாகவும், அவள் விரைவில் நலம்பெறப் பள்ளிக் குடும்பம் வாழ்த்துவதாகவும் இருந்தது. அடியில் பெரிய மேடத்தின் கையெழுத்து. கடிதத்தை வாசலில் வைத்தே நாலாகக் கிழித்தாள். குருவியின் கோப்பை மட்டும் வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, ஊதா மை முழுக்கக் கரையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கூழாகப் பிசைந்து கொட்டினாள்.

மாதங்கள் ஓடின. அவளுக்குக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், பேச்சுப் பயிற்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கே அவள் எழுதுகிற குறிப்பு ஒன்றரை வரியைத் தாண்டாது. "கொஞ்சம் விவரமா எழுதக்கூடாதா?" என்று மருத்துவர் சலித்துக்கொள்வார். "தேவையானது இருக்கு டாக்டர்," என்பாள்.

தேர்வு முடிவு வந்த வாரம், காலைப் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓட்டுநர் குருவியின் அப்பாதான். அந்த வழியில் அவரை அடிக்கடி பார்ப்பதுண்டு. இரண்டு பேரும் தலையை அசைத்துக்கொள்வதோடு சரி. பேருந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்ததும் சட்டென்று நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது.

வாசல் வளைவிலிருந்து மதில்வரை ஒரு பேனர். நடுவில் குருவியின் முகம், பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த படம், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியது. 'அன்று கண்ணீர், இன்று வெற்றி! மலர்ச்சி திட்டத்தில் மனம் மலர்ந்த மாணவி.' மூலையில் பெரிய மேடத்தின் சிரிப்பு. குருவி தேர்வில் தேறிவிட்டாள், கணக்கில் நாற்பத்தேழு. கையெழுத்துப் போடாத மற்ற எட்டு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் தவிர எல்லோரும் தேறியிருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் வெளியே தள்ளப் பார்த்த கை, இப்போது அவர்களில் ஒருத்தியை வாசலில் தொங்கவிட்டுக் கும்மாளம் போடுகிறது. ஊர் முழுக்கப் போகிற வழி அது. கண்ணீருக்கு என்ன காரணம் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், குருவி எத்தனை பேருக்குப் பதில் சொல்லாமல் தலைகுனிந்து போயிருப்பாள்!

ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கப்பா போற? ஆபீசுக்கு நேரமாச்சு!" என்று ஒருவர் கத்தினார்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதில்மேல் ஏறி நின்று, மகளின் முகத்தைச் சுற்றிப் பொறுமையாக, காது நுனிகூடச் சேதமாகாமல் வெட்டினார். காவலாளி ஓடி வந்தார். காக்கிச் சட்டையையும் கத்தரியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லா பிடிச்சுக்கோங்க, விழுந்துடப் போறீங்க," என்று கீழே நின்று காலைப் பிடித்துக்கொண்டார். வெட்டியதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்து ஏறி வண்டியை எடுத்தார்.

டிஷ்யூ மிஸ் இறங்க வேண்டிய இடம் வந்தது. முன்பக்கப் படியில் நின்றாள்.

"அவ எப்படி இருக்கா?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் இத்தனை மாதம் கேட்காமல் இருந்தாள்.

"நல்லா இருக்கா. துவைக்கிற வேலை இல்ல இப்போ." அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "உங்களை இந்த வண்டியில பார்ப்பேன்னு சொன்னேன். பேச மாட்டாளாம் டீச்சர்."

"பேச வேண்டாம்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. இறங்கினாள்.